பாலாடைக்கும் அடைப்பத்துக்கும் ஓர் இடம்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் கொச்சித் தமிழர்களாகிய நாம் அவர்களை எங்கே அழைத்துச் செல்கிறோம்? காலையில் மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதர் தெருவும், பிற்பகலில் திருப்பூணித்துறை ஹில் பாலஸ். போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டி, டச்சுக்காரர்கள் 1663-ல் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனையில் தந்தப் பல்லக்கையும், அரசர்களின் உருவப்படங்களையும், இராமாயணச் சுவரோவியங்களையும் காட்டுகிறோம். 1865-ல் கட்டப்பட்டு, 1986-ல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஹில் பாலஸில் கொச்சி அரசரின் கிரீடத்தைக் காட்டுகிறோம். விருந்தினர்களும் மனநிறைவோடு திரும்புகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த அரண்மனையில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் யார்? அந்தக் குழந்தைக்கு மருந்து புகட்டிய கிண்ணம் எது? கிரீடம் தாங்கிய தலைக்கு ஈர் எடுத்தது எதைக்கொண்டு? அரசருக்கும் காதில் குறும்பி சேர்ந்திருக்கும். காலில் முள் தைத்திருக்கும். முதுகில் கட்டி வந்திருக்கும். அரண்மனைக்கே இந்தக் கதி என்றால் குடிசைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனிதர்கள் எப்படிப் போரிட்டார்கள், எப்படிக் கொலுவிருந்தார்கள் என்பதை நம் அருங்காட்சியகங்கள் நன்றாகவே சொல்கின்றன. அவர்கள் எப்படிப் பிறந்தார்கள், எப்படி நோயுற்றார்கள், எப்படித் தேறினார்கள், எப்படித் தலைவாரிக் கொண்டார்கள் என்பதைச் சொல்வதற்கு மட்டும் ஒரு மூலையைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் எந்தப் பொருள்களைச் சொல்கிறேன் என்பது நம் இளைய தலைமுறைக்குப் புரியாமல் போகலாம். ஆகையால் சிலவற்றை விளக்கிவிடுகிறேன். முள்வாங்கி என்பது காலில் தைத்த முள்ளைப் பிடுங்கும் சிறு இடுக்கி. குறும்பிவாங்கி என்பது காதழுக்கு எடுக்கும் சின்னஞ்சிறு கரண்டி. இந்த இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்துக்கொள்வது அந்தக் கால வழக்கம். ஈர்வலி என்பது முடியில் ஒட்டிய ஈரை உருவி எடுப்பதற்கு. கல்வம் என்பது வைத்தியர் மருந்து அரைக்கும் கல். உரைகல் என்பது வசம்பு, சாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் ஆகியவற்றை இழைத்துக் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பதற்கு. சவரக்கத்தி, சாணைக்கல், நகம் வெட்டும் கருவி எல்லாவற்றையும் வைத்து நாவிதர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் பைக்கு அடைப்பம் என்று பெயர்.

இங்கே மலையாள அண்டைவீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். குறும்பிவாங்கியை அவர் செவித்தோண்டி என்பார். நம் ஈர்வலி அவருக்கு ஈரோலி. நம் மருத்துவச்சி அவருக்கு வயற்றாட்டி. இரண்டு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையில் முழங்குகிறோம். அதற்கு இதைவிடக் கைக்கு எட்டிய சான்று வேறு என்ன வேண்டும்? ஆனால் பொருள் போனால் சொல்லும் போய்விடும். அகராதியில் மட்டும் வாழும் சொல்லுக்கு உயிர் ஏது?

பாலாடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சங்கு என்றும் சொல்வோம்; தொடக்கத்தில் உண்மையான சங்கிலேயே புகட்டினார்கள். பிறகு பித்தளையிலும் வெள்ளியிலும் வந்தது. ஓடம் போன்ற சிறு கிண்ணம், ஒரு பக்கம் நீண்டு குறுகிய மூக்கு. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, மூக்கை உதட்டோரத்தில் வைத்துத் துளித்துளியாகச் சாய்த்தால் உறிஞ்சத் தெரியாத பிள்ளையும் நாக்கால் வாங்கி விழுங்கும். இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்து, முலைக்காம்பைப் பற்றிக் குடிக்கப் பலமில்லாத சிசுக்களுக்குத் தாய்ப்பாலைக் கறந்து புகட்ட இன்றும் இந்திய மருத்துவமனைகளின் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பாலாடை பயன்படுகிறது. புட்டிப்பாலின் ரப்பர் காம்பில் கிருமி ஒளிந்துகொள்ளும். பாலாடையில் ஒளிந்துகொள்ள இடமில்லை, கழுவுவதும் கொதிநீரில் போடுவதும் எளிது. பாலாடையையும் கிண்ணத்தையும் புட்டியையும் ஒப்பிட்டு மருத்துவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் அதன் பெயர் பாலாடைதான்! நம் பாட்டிமார் கையில் இருந்த ஒரு கிண்ணம் தன் தமிழ்ப் பெயரோடு நவீன மருத்துவத்துக்குள் நுழைந்திருக்கிறது. அந்தக் கிண்ணத்தை நம்மில் எத்தனை பேர் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்டிருக்கிறோம்?

மண்ணுக்கடியில் கிடைத்தால் மட்டும் நமக்கு மரியாதை வருகிறது. கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வில் தந்தச் சீப்பும், கண்ணுக்கு மை தீட்டும் செம்புக் கோலும் கிடைத்தன. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அந்தச் சிறு பொருள்களின் முன்னே நின்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வைகைக்கரையில் ஒருத்தி தலை வாரினாள், மை தீட்டினாள் என்பதை அறியும்போது வரலாறு நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதே வேலையைச் செய்த நம் கொள்ளுப்பாட்டியின் மரச்சீப்பும் மைச்சிமிழும் பரணில் கிடந்தால் அது குப்பை! இன்று நாம் எறிவதைத்தான் நாளை நம் பேரப்பிள்ளைகள் குழிதோண்டித் தேட வேண்டுமா?

பொருள்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். அவற்றைப் பிடித்த கைகளைப் பற்றியும் பேச வேண்டும். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சவரம் செய்தவரே கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார். அட்டை விட்டு, கொம்பு வைத்துக் கெட்ட இரத்தம் வாங்கினார். புண்ணுக்கு மருந்து கட்டினார். அவர் மனைவியே ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தாள். அதனால்தான் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கேரளத்திலும் இதே தொழிலைச் செய்த சமூகங்கள் இருந்தன. ஊரே அவர்கள் கையில் பிறந்தது. ஆனால் ஊர் அவர்களை எங்கே உட்கார வைத்தது? பிள்ளையை எடுத்துக் கொடுக்கும்வரை அவள் தாய்க்குச் சமம். கொடுத்த பிறகு வாசலுக்கு வெளியே. கூலியாக நெல்லும் பழஞ்சேலையும். இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நம் முன்னோர்கள் செய்ததுதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் நாவிதர்கள் வைத்தியம் செய்ததையும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்ததையும் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அவர் யார்? 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அந்த அருங்காட்சியகத்தை 1851-ல் தொடங்கி வைத்தவரோ எட்வர்டு பால்ஃபர் என்ற அறுவை மருத்துவர். பிரசவ மருத்துவம் பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்ததோடு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மொழிபெயர்க்கச் செய்து, தம் சொந்தச் செலவில் அச்சிட்டவர் அவர். ஆக, தமிழ்நாட்டின் மூத்த அருங்காட்சியகத்துக்கும் மருத்துவச்சியின் தொழிலுக்கும் தொடக்கத்திலேயே ஓர் உறவு இருந்திருக்கிறது. அந்த உறவைப் புதுப்பிப்பது புதுமை அல்ல, மறந்ததை நினைவூட்டுவதே.

அரசர் பக்கத்துச் செய்தி நமக்குத் தெரியும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகள், வண்ணத்தில் தீட்டிய கண் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இக்காலக் கண் மருத்துவர்களும் அவற்றைப் படித்து வியந்து எழுதியிருக்கிறார்கள். மன்னர் எழுதி வைக்கச் செய்தார், ஆகையால் நிலைத்தது. எழுதி வைக்க ஆளில்லாத மருத்துவச்சிக்கு அவள் பயன்படுத்திய பொருள்தானே ஏடு? அதுவும் போய்விட்டால் அவள் வாழ்ந்ததற்கே சாட்சி இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "பழைய அழுக்குக் கருவிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு? அந்தக் கத்தியால் செத்த பிள்ளைகள் எத்தனை?" என்று நம் சங்கத்திலுள்ள மருத்துவ நண்பர்களே கேட்பார்கள். கேள்வி சரியானது. சுத்தம் செய்யாத அரிவாளாலும் மூங்கில் சிம்பாலும் தொப்புள்கொடியை அறுத்ததால் பச்சிளம் குழந்தைகள் இரணஜன்னியில் மடிந்தன. இந்தியாவில் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் அந்த நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2015-ல்தான். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், புதிய பிளேடும், சுத்தமான கையும் சேர்ந்து செய்த சாதனை அது. சங்கில் எண்ணெயைப் பலவந்தமாகப் புகட்டி, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா கண்ட குழந்தைகளும் உண்டு. மைக்கோலும் அப்படித்தான்: சிலவகைக் கண்மையில் ஈயம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தக் காரணங்களுக்காகவே அவற்றைக் காட்சியில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். அருங்காட்சியகத்தில் வைப்பது என்றால் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று சிபாரிசு செய்வதாகாது. வாளைக் காட்சிக்கு வைத்தால் சண்டைக்குப் போ என்றா அர்த்தம்? தொப்புள்கொடி அறுத்த அரிவாளையும் இன்றைய பிரசவப் பொட்டலத்தில் வரும் புதிய பிளேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். பத்துப் பிரசங்கம் செய்ய முடியாததை அது செய்யும். பாலாடையை வைத்து, இதில் தாய்ப்பால் புகட்டினால் உயிர் காக்கும், எண்ணெய் புகட்டினால் உயிர் போகும் என்று எழுதிப் பாருங்கள். பழமையெல்லாம் பொன் என்பவருக்கும், பழமையெல்லாம் குப்பை என்பவருக்கும் அந்த ஒரு கிண்ணமே பதில்.

நாம் இப்படித் தயங்கிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. மருந்து வியாபாரத்தில் பெரும் செல்வம் ஈட்டிய ஹென்றி வெல்கம் 1913-ல் லண்டனில் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். உலகமெங்கும் ஆள் அனுப்பிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்தார். இந்தியாவில் அவருக்காகப் பல ஆண்டுகள் சுற்றிச் சேகரித்தவர் பைரா மல் என்ற இந்திய மருத்துவரே. வெல்கம் 1936-ல் காலமானபின் அந்தச் சேகரிப்பு பல இடங்களுக்குப் பிரிந்தது. மருத்துவப் பகுதி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்து, 2019-ல் புதிய காட்சிக்கூடங்களும் திறக்கப்பட்டன. பாதுகாத்ததற்கு அவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அப்படிப் போன பொருள்களில் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பது இந்தியா என்ற ஒரு சொல்லும் தோராயமான ஒரு நூற்றாண்டும்தான். எந்த ஊர், யார் வீடு, என்ன பெயரால் அழைத்தார்கள் என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத அநாதையாக ஒரு பொருள் கண்ணாடிக்குள் இருப்பதற்கும் பரணில் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்?

லண்டன் தூரம் என்றால், நம் மட்டாஞ்சேரி யூதர் தெரு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் கிண்டி, படிக்கம், வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, மருந்து உரல் என்று பழைய வீடுகளின் சாமான்களைக் காணலாம். ஒரு வீடு இடிக்கப்படும்போது கிளம்பும் சாமான், கைமாறிக் கைமாறிச் சுற்றுலாப் பயணியின் பெட்டிக்குள் போய்விடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. சிலைகளைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். குறும்பிவாங்கிக்காக எந்த அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்? நூறு ஆண்டு நிறையாத பொருளுக்குச் சட்டமும் துணையில்லை. விற்றவரிடமிருந்து அதன் கதையைக் கேட்டு எழுதி வைப்பார் யாருமில்லாததால், கடைக்கு வரும்போதே அது பாதி ஊமை.

இந்த வேலைக்கு அரசாங்கம்தான் வரவேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. புனே நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் தினகர் கேல்கர். 1920 வாக்கில் சேர்க்கத் தொடங்கி, 1960-க்குள் சுமார் 15,000 பொருள்களைத் திரட்டினார். பாக்குவெட்டி, குங்குமச் சிமிழ், சீப்பு, குதிகால் தேய்க்கும் பித்தளைத் தேய்ப்பான் என்று எல்லாம் வீட்டுச் சாமான்கள்! சிறுவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரை வைத்து அமைத்த அந்த அருங்காட்சியகம் இன்று நாடறிந்தது. டில்லியில் பிந்தேஸ்வர் பாடக் 1992-ல் கழிப்பறைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கியபோது சிரித்தவர்களும் உண்டு. மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு அதிலுள்ள நியாயம் புரிந்தது. கழிப்பறைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கலாம் என்றால் அடைப்பத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கக்கூடாதா?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1947-ல் உற்பத்தி தொடங்கிய ஏலூர் ஃபாக்ட், அதன்பின் வந்த எச்.எம்.டி. போன்ற தொழிற்சாலைகளை நம்பி நெல்லையிலிருந்தும், குமரியிலிருந்தும், மதுரையிலிருந்தும் களமசேரிப் பகுதிக்கு வந்தவர்கள் நாம், அல்லது நம் பெற்றோர். வரும்போது டிரங்குப் பெட்டியில் துணிமணியோடு பிள்ளைக்குப் பாலாடையும் உரைகல்லும் கட்டிக் கொடுத்தனுப்பிய மாமியார்கள் பலர். அந்தப் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. அவற்றின் கதை தெரிந்த பெரியவர்களுக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது.

களமசேரியில் 2013-ல் அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1971-ல் தொடங்கிய கொச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வருங்கால டாக்டர்களும் நர்சுகளும் நடக்கும் தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு இடம் கேட்டு நம் சங்கம் விண்ணப்பிக்கலாம். கேட்டால் கொடுப்பார்களா என்பது பிறகு. முதலில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று நாம் ஒரு கணக்கு எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு சிறு யோசனை. பொருளை யாரும் உடனே தானம் செய்ய வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டையில் நான்கு செய்திகள் மட்டும் எழுதுவோம். உங்கள் வீட்டில் அதை எந்தப் பெயரால் அழைத்தீர்கள்? எந்த ஊரிலிருந்து வந்தது? யார் கை அதைப் பிடித்தது? எதற்கு, எப்படிப் பயன்படுத்தினார்கள்? மலையாள நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். தவறான சிகிச்சையால் நேர்ந்த இழப்பு இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுவோம். புகைப்படம் எடுக்கக் கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. விடுமுறையில் இதைச் செய்ய நம் பிள்ளைகள் போதும்; தமிழ் எழுதப் பழகினாற் போலவும் ஆகும்.

மூன்றாவது கேள்வியை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் கை? "ஊர் மருத்துவச்சி" என்று பொதுவாக எழுதி முடித்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அவள் கையில் பிறந்த பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். தயவு செய்து இந்த வாரமே கேளுங்கள். அரசர்களின் பெயர்களைக் கல்வெட்டு பார்த்துக்கொள்ளும். அவள் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.